பக்கத்து ஆசனம்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று ஓர் இடம் இருக்கிறது. நம் பக்கத்து மனிதர்கள் அங்கே போய் இறங்கினால் ஊரை விட்டு வந்த துக்கம் பாதி தீர்ந்துவிடும். வாழை இலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி, மல்லிகைச் சரம் எல்லாம் அங்கே உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்தில் குடியிருந்த ஒரு சிநேகிதர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். சிநேகிதருக்கு மாடி, கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த வங்காளித் தம்பதிகள். சிநேகிதர் அவரைத் 'தாதா' என்றும் அந்த அம்மாளை 'பௌதி' என்றும் கூப்பிடுவார். அண்ணா, அண்ணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே ஒரே ரகளை. என்னவோ ஏதோ என்று நான் பயந்து போனேன். சிநேகிதர் சிரித்தார். "ஒன்றுமில்லை ஸார். இன்றைக்குச் சாயங்காலம் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம். தாதா இறால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பௌதி ஹில்ஸா மீனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். எந்த மீன் முதலில் அடுப்பு ஏறுவது என்று வழக்கு நடக்கிறது" என்றார்.

வழக்கு சமாதானமாகத்தான் முடிந்தது. இரண்டு அடுப்பில் இரண்டு மீனும் வெந்தன. தாதாவின் குடும்பம் மேற்கு வங்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தது. அவர்களுக்குக் 'கோட்டி' என்று பெயர். பௌதியின் தகப்பனார் தேசப் பிரிவினையின்போது டாக்கா பக்கத்திலிருந்து கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். அவர்கள் 'பாங்கால்'. கோட்டிக்கு மோகன் பகான், பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால். இறால் அந்தக் கட்சிக்கு, ஹில்ஸா இந்தக் கட்சிக்கு. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த அம்மாள் புக்ககத்தோடு சேரவில்லை.

மத்தியானம் நாங்கள் நான்கு பேரும், பௌதியின் அண்ணன் பிள்ளையுமாக ஒரே டாக்ஸியில் இடித்துக்கொண்டு உப்பேரி ஸ்டேடியத்துக்குப் புறப்பட்டோம். மைதானத்து வாசலில் இறங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. தாதா பச்சையும் அரக்குமான துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் நடந்தார். பௌதி சிவப்பும் பொன்னிறமுமான துண்டோடு அண்ணன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபக்கம் போனாள். வழியில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தை இரண்டாகப் பிரித்துப் பாதியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். சிநேகிதரும் நானும் தாதாவின் பின்னால் நடந்தோம்.

"புருஷனும் பெண்சாதியுமாவது ஒரே இடத்தில் உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன். சிநேகிதர் அதை வங்காளியில் திருப்பிச் சொன்னார். தாதா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஒரு காலத்தில் எல்லாரும் கலந்துதான் உட்கார்ந்தோம். 1980 வரைக்கும்."

அன்றைய ஆட்டத்தின் முடிவை இங்கே நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஏதாவது ஓர் அடுப்பின் மானம் போய்விடும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என் மனத்திலேயே தங்கிவிட்டது. எதிர்க் கட்சிக்காரனுக்குப் பக்கத்து ஆசனத்தைக் கொடுக்கலாமா, கூடாதா? சின்னக் கேள்வி மாதிரி தோன்றுகிறது. ஆனால் அதற்கு விடை தேடப் போனால் பல உயிர்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.

கல்கத்தாவின் கால்பந்துக் கதையை 1911-இல் தொடங்குவதுதான் முறை. அந்த வருஷம் ஜூலை 29-ஆம் தேதி ஐ. எஃப். ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜயித்தது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்கால். எதிரே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மைதானத்தைப் பார்க்க முடியாமல் வெகு தூரத்தில் நின்ற ஜனங்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு ஆட்டத்தின் நிலவரத்தைத் தெரிவித்தார்கள். அன்றைக்குப் பக்கத்து ஆசனப் பிரச்னை எழவே இல்லை. நம்மவர் எல்லாரும் ஒரு கட்சி, ஆளுகிறவர்கள் ஒரு கட்சி. வேலி மைதானத்தில் இல்லை. தோல் நிறத்திலேயே இருந்தது.

பொது எதிரி ஒருவன் இருக்கும் வரையில் வீட்டுக்குள் சண்டை அடங்கியிருக்கும். 1920-இல் அதுவும் தொடங்கியது. ஜோராபகான் என்ற சங்கத்தார், மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்தச் சங்கத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரிக்கு அது பொறுக்கவில்லை. ராஜினாமாச் செய்தார். அந்த வருஷம் ஆகஸ்டு 1-ஆம் தேதி ஈஸ்ட் பெங்கால் சங்கம் பிறந்தது. 1925-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி இரு சங்கங்களும் லீக் ஆட்டத்தில் முதன்முதலாக மோதின. ஈஸ்ட் பெங்கால் ஒரு கோலில் ஜயித்தது.

அதுவரையில் அது இரண்டு சங்கங்களின் போட்டி. 1947-க்குப் பிறகு அது இரண்டு ஜனங்களின் போட்டியாயிற்று. கிழக்கேயிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தார்கள். ரயிலடி நடைபாதையில் படுத்தார்கள். புறநகர்களில் காலி மனைகளில் குடிசை போட்டார்கள். பேச்சுக் கொச்சையைக் கேட்டே ஊரார் பரிகசித்தார்கள். வீடும் நிலமும் குளமும் போய்விட்ட மனிதனுக்குத் தன் ஊரின் பெயரைத் தாங்கிக்கொண்டு மிச்சமிருந்த ஒன்று அந்தச் சங்கம். அது ஜயித்தால் அவனும் ஜயித்தான். தோற்றால் இன்னொரு தடவை ஊரை விட்டு விரட்டப்பட்டான்.

இதிலே ஒரு ரஸமான சமாசாரம் உண்டு. 1949 முதல் 1953 வரையில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். 'பஞ்ச பாண்டவர்' என்று ஊரே அவர்களைக் கொண்டாடியது. அகமது கான், சாலே, அப்பாராவ், தன்ராஜ், வெங்கடேஷ். பெயர்களைப் பாருங்கள்: ஐந்து பேரில் ஒருவர்கூட வங்காளி இல்லை, எல்லாரும் தெற்கேயிருந்து போனவர்கள்! கிழக்கு வங்கத்து அகதியின் மானத்தை நம் தென்னாட்டுக் கால்கள் காப்பாற்றின. கட்சி என்பது ரத்தத்தில் இருப்பதல்ல, நாம் கட்டிக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? ஆனால் மைதானத்தில் கத்துகிறவனுக்கு அந்த யோசனை வராது.

வர வர உஷ்ணம் ஏறியது. 1975-இல் கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட, மோகன் பகானால் ஒன்றுகூடப் போட முடியவில்லை. அந்தத் தோல்வி தாங்காமல் ஓர் இளைஞன் உயிரை மாய்த்துக்கொண்டான். விளையாட்டு என்ற சொல்லுக்கு அர்த்தம் அப்போதே மாறிவிட்டது. ஆனால் யாரும் நின்று யோசிக்கவில்லை.

1980-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி, சனிக்கிழமை. கல்கத்தாவுக்கு அந்தத் தேதி ஏற்கெனவே பொல்லாத தேதி. 1946-இல் அதே ஆகஸ்டு 16-இல்தான் ஊரில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்து ஆயிரக்கணக்கானவர் மாண்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் கழித்து அதே தேதியில் ஈடன் தோட்டத்தில் லீக் ஆட்டம். ஈடன் தோட்டம் கிரிக்கெட்டுக்கென்று பேர்போன இடம். டிக்கெட் விற்றவர்கள் காசைப் பார்த்தார்களே தவிர, கட்சியைப் பார்க்கவில்லை. இரு தரப்பினரும் ஒரே பகுதியில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.

பிற்பாதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் ஒருவர் மோகன் பகான் ஆட்டக்காரர் ஒருவரை முரட்டுத்தனமாகத் தடுத்தார். அடிபட்டவர் பதிலுக்குப் பாய்ந்தார். நடுவர் இருவரையும் மைதானத்தை விட்டு வெளியேற்றினார். அவர்கள் பெயரைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? அதைப் போன்ற மோதல் எந்த ஆட்டத்திலும் நடக்கிறதுதான். களத்தில் அது ஒரு நிமிஷத்து விவகாரம். மேலே படிக்கட்டு ஆசனங்களில் அது நெருப்பாகப் பற்றிக்கொண்டது. கல் பறந்தது. கைகலப்பு மூண்டது. தப்பி ஓடப் பார்த்த கூட்டம் குறுகிய வழிகளில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது. மேல் அடுக்கிலிருந்து சிலர் கீழே விழுந்தார்கள். பதினாறு பேர் செத்துப்போனார்கள். கீழே ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

தாதா அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர். அப்போது காலேஜ் மாணவர். அன்று இரவு மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"நான் இருந்தது வேறு பக்கம். சாவு நடந்த இடம் எனக்குத் தூரத்தில் புழுதியும் கூச்சலுமாகத்தான் தெரிந்தது. என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். முதல் பாதி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தோம். மழை வருமா, பஸ் கிடைக்குமா என்று. நான் எந்தக் கட்சி என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கலவரம் கிளம்பியதும் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்: 'இவன் எந்தக் கட்சி?' அவ்வளவுதான். எழுந்து ஆளுக்கு ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டோம். அவர் எந்தக் கட்சி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. தெருமுனையிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள்."

கலந்து உட்காருவது நல்லதா என்ற கேள்விக்கு அந்த இரண்டு முகங்களே ஒரு பதில். பக்கத்து ஆசனம் சிநேகத்தை வளர்க்கும் என்பார்கள். உண்மைதான், ஆபத்து வராத வரையில். ஆபத்து வந்த வினாடியில் முகம் தெரியாத பக்கத்து ஆசனக்காரன் சத்துருவாகிவிடுகிறான். அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் என்ன செய்வானோ என்ற பயமே போதும்.

சரி, அப்படியானால் பிரித்துப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கால்பந்தின் தாய்நாடான இங்கிலாந்தில் செய்தார்கள்.

அங்கேயும் ஒரு காலத்தில் எல்லாரும் கலந்தேதான் நின்றார்கள். பல மைதானங்களில் இடைவேளையின்போது கூட்டம் ஒரு கோல் பக்கத்திலிருந்து மறு கோல் பக்கத்துக்கு நடந்து போகும். தங்கள் கட்சி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அந்தப் பக்கம் நிற்க வேண்டுமே! எதிரும் புதிருமாக நடக்கிறவர்கள் வழியில் கேலி பேசிக்கொள்வார்கள். 1960-களிலும் 70-களிலும் முரட்டு வாலிபர் கும்பல்கள் தலையெடுத்தன. கத்திக்குத்து வரைக்கும் போயிற்று. போலீஸார் இரு தரப்பையும் பிரித்தார்கள். பிறகு இரும்புக் கம்பி வேலி வந்தது. வேலிக்கு உள்ளே வேலி போட்டு, ஆட்டுப்பட்டி மாதிரி அறை அறையாகத் தடுத்தார்கள்.

1985-ஆம் வருஷம் மே 29-ஆம் தேதி பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஹைசல் மைதானத்தில் லிவர்பூலுக்கும் இத்தாலியின் யுவென்டஸுக்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லிவர்பூல்காரர்களுக்குப் பக்கத்துப் பகுதியை 'யாருக்கும் பொது' என்று ஒதுக்கினார்கள். பொதுப் பகுதியில் இத்தாலியர் பலர் டிக்கெட் வாங்கி வந்து நின்றுவிட்டார்கள். நடுவில் இருந்தது உதவாத கம்பி வலை. ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே லிவர்பூல் கூட்டத்தில் ஒரு கும்பல் பாய்ந்தது. பின்வாங்கிய ஜனங்கள் சுவரோடு நசுங்கினார்கள், சுவர் இடிந்தது. முப்பத்தொன்பது பேர் இறந்தார்கள். கலந்து உட்கார வைத்ததற்கு இது இரண்டாவது சாட்சி.

பிரித்து வைத்ததற்கும் சாட்சி உண்டு. 1989-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, ஷெபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் பாரஸ்டுக்கும் அரை இறுதி ஆட்டம். ஆதரவாளர் அதிகமுள்ள லிவர்பூலுக்குச் சின்னப் பக்கத்தை ஒதுக்கினார்கள். ஏன் தெரியுமா? இரு கட்சியினரும் வழியில் ஒருவரையொருவர் சந்தித்துவிடக் கூடாது என்ற போலீஸ் கணக்கு! குறைந்த வாயில்களில் கூட்டம் நெருக்கியது. வெளியே நெரிசல் தாங்காமல் போலீஸார் ஒரு பெரிய கதவைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வந்தவர்கள் எதிரே இருந்த சுரங்க வழியாக, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பட்டிக்குள் போய் அடைந்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு எதிரே உயரமான கம்பி வேலி. மைதானத்துப் பச்சைப் புல் ஒரு முழ தூரத்தில் தெரிகிறது; அங்கே போக வழியில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டினார்கள். மொத்தம் தொண்ணூற்றேழு பேர். கடைசி மனிதர் அன்று பட்ட காயத்தின் விளைவாக 2021-இல் கண்ணை மூடினார்.

இதில் கொடுமை என்னவென்றால், பழியை முதலில் செத்தவர்கள் தலையிலும் பிழைத்தவர்கள் தலையிலுமே போட்டார்கள். குடித்துவிட்டு வந்து தள்ளினார்கள் என்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தந்தையர் இருபத்தேழு வருஷம் போராடினார்கள். 2016-இல்தான் விசாரணை ஜூரிகள், ரசிகர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் எதிர்க் கட்சியோடு சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை வராமல் இருக்கப் போட்ட வேலிதான் கொன்றது.

1990-இல் வெளிவந்த டெய்லர் பிரபுவின் அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின. எல்லாருக்கும் ஆசனம் வந்தது. ஆனால் பிரிவு போகவில்லை. விருந்தாளிக் கட்சிக்குத் தனிப் பகுதி, தனி வாயில். அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளூர்க்காரர் பகுதியில் உட்கார்ந்தவனை வெளியே அனுப்பிவிடலாம் என்று விதியும் இருக்கிறது.

அதே லிவர்பூல் நகரத்தில் இன்னொரு கதையும் உண்டு. அங்கே இரண்டு சங்கங்கள்: லிவர்பூலுக்குச் சிவப்பு, எவர்டனுக்கு நீலம். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்றிருப்பது சகஜம். 1986-இல் இரு சங்கங்களும் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. சிவப்பும் நீலமும் சேர்ந்தே பிரயாணம் செய்தன, கலந்தே உட்கார்ந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஹில்ஸ்பரோ துக்கத்துக்குப் பிறகு இரு சங்கங்களின் அப்போதைய மைதானங்களுக்கும் நடுவிலிருந்த ஸ்டான்லி பூங்கா வழியாக, ஒரு மைல் தூரத்துக்குச் சிவப்புத் துண்டையும் நீலத் துண்டையும் முடிச்சுப் போட்டுக் கோத்தார்கள்.

ஈடன் தோட்டத்திலும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். வெம்பிளியிலும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் பதினாறு பிணம்; மற்றோரிடத்தில் பாட்டும் கேலியும். வித்தியாசம் என்ன? வெம்பிளிக்கு வந்தவர்களில் பலர் தங்கள் சொந்தக்காரனோடும் பக்கத்து வீட்டுக்காரனோடும் தாங்களே விரும்பிச் சேர்ந்து உட்கார்ந்தவர்கள். ஈடன் தோட்டத்தில் இருந்தவர்களை அப்படி உட்கார வைத்தது டிக்கெட் விற்றவனின் அசிரத்தை. தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் கை ஓங்கினவனும் கொஞ்சம் நிதானிப்பான். தெரியாதவன் இருந்தால் பயம்தான் முதலில் பேசும்.

ஆகையால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத பல்லாயிரம் பேர் கூடுகிற இடத்தில் கட்சிக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிடுவதுதான் உசிதம். 1997-இல் உப்பேரி ஸ்டேடியத்தில் இதே இரு சங்கங்களின் ஆட்டத்தை 1,31,781 பேர் பார்த்தார்கள். அத்தனை பேரையும் நல்லெண்ணத்தை நம்பி ஒன்றாக உட்கார வைப்பது தைரியமல்ல, பொறுப்பில்லாமை. ஆனால் பிரிப்பது வேறு, அடைப்பது வேறு. வழி அகலமாக இருக்க வேண்டும். கதவு வெளியே திறக்க வேண்டும். கம்பி வேலி கூடாது. சேர்ந்து உட்கார விரும்பும் குடும்பங்களுக்கென்று ஒரு சிறு பகுதி இருந்தால் இன்னும் நல்லது. ரசிகனைப் பணம் தரும் தலையாக எண்ணினாலும் சாவு, கலகக்காரனாக எண்ணினாலும் சாவு என்று மூன்று மைதானங்கள் காட்டிவிட்டன.

ஆகஸ்டு 16-ஆம் தேதியைக் கல்கத்தாவில் 'கால்பந்து அன்பர் தினம்' என்று அனுசரித்து ரத்த தானம் செய்கிறார்கள். மைதானத்தில் சிந்திய ரத்தத்துக்கு அதைவிட நல்ல பிராயச்சித்தம் எனக்குத் தோன்றவில்லை.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி, மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டூராண்டு கோப்பையில் இரு சங்கங்களுக்கும் ஆட்டம் நடக்கவேண்டிய நாள். அதற்குச் சில தினங்களுக்கு முன்புதான் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி நாசமாக்கிக் கொல்லப்பட்டிருந்தாள். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பந்தோபஸ்து போதாது என்று ஆட்டத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு வெளியே ஜனங்கள் கூடினார்கள். பச்சை அரக்கும் சிவப்புப் பொன்னும், கூடவே முகமதன் ஸ்போர்டிங் சங்கத்தாரும், சேர்ந்து நியாயம் கேட்டார்கள். ஒரு கட்சிக்காரன் மறு கட்சிக்காரன் தோளில் ஏறி உட்கார்ந்து கோஷம் போட்ட படத்தை நானும் பத்திரிகையில் பார்த்தேன். போலீஸார் தடியைச் சுழற்றினார்கள். அடி எந்தத் துண்டென்று பார்த்து விழவில்லை.

அன்று இரவு சிநேகிதருக்கு டெலிபோன் செய்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் சௌக்கியமா என்று விசாரித்தேன்.

"இரண்டு பேரும் சேர்ந்து போய்விட்டு இப்போதுதான் திரும்பினார்கள், ஸார். பௌதிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தாதா வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்படியானால் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு பேரும் ஒரே பக்கம்தானே?"

சிநேகிதர் கீழே குரல் கொடுத்துக் கேட்டார். பதில் என் காதிலேயே விழுந்தது. தொண்டை கட்டியிருந்தாலும் குரல் பௌதியுடையதுதான். சிநேகிதர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்:

"அவர் அவர் வாசல் வழியாகப் போகட்டும், நான் என் வாசல் வழியாகப் போகிறேன். கடலையை மட்டும் வாசலில் நின்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறாள்."